ஓதம்

ஐப்பசி பிறந்து பத்து நாள்.
தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் வழிகிறது.
பொரிக்கும் முன்பே அப்பளம் நமத்துப்போயிற்று.

குருசுக்குப்பம், கடலிலிருந்து மூன்றாவது தெரு, கீழ் வீடு.
கொத்தனார் தேசிங்கு சுவரைச் சுரண்டி
நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"கடல் மண்ணு கலந்திருக்காங்க. ஓதம் ஏறுது.
உப்பு இருக்கிற வரைக்கும் குடிச்சிக்கிட்டேதாம்மா இருக்கும்."
கடலுக்கும் சுவருக்கும் ஒரே சொல்தான் அவரிடம்.
"இந்த ஊர்ல சுவருமா?" என்று சிரித்தான் அரிகிருஷ்ணன்.
நான் சிரிக்கவில்லை.
குடிக்கிற சுவரோடு பதினொரு மாதக் குடித்தனம்.

பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். மூன்று நாள் வெள்ளை.
நாலாம் நாள் அதே இடத்தில் அதே கறுப்பு,
வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்ததுபோல்.
வினிகர் அடித்தேன். வீடு ஊறுகாய் நாற்றம் நாறியது.
டேபிள் ஃபேனைச் சுவருக்குத் திருப்பி வைத்துவிட்டு
நாங்கள் வேர்த்துக்கொண்டு படுத்தோம்.
பீரோவை ஒரு சாண் முன்னே இழுத்தால்
பின்னால் விழுந்து கிடக்கிறது என் பி.காம். சான்றிதழ்,
கண்ணாடியோடு ஒட்டி,
பெயரில் முதல் எழுத்து மட்டும் தின்னப்பட்டு.
அவன் கல்யாண பெல்ட்டில் பச்சை மயிர்.
ராத்திரி இரண்டு மணிக்கு நிவேதிகாவுக்கு இழுப்பு.
நெபுலைசர் ஓடி முடிகிறவரை
அவள் முதுகில் என் உள்ளங்கை.

ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்து: ஆணி அடிக்கக் கூடாது.
எட்டாவது: வாங்கிய நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும்.
சுவரில் எதுவும் முளைக்கக் கூடாது என்று
எங்கும் எழுதியில்லை.

செலஸ்தீன் மதாமுக்கு வீடியோ கால்.
இங்கே பத்தரை. சார்செலில் காலை ஆறு, இன்னும் இருட்டு.
"சன்னலத் தொறந்தே வைக்கிறதில்லையா நீங்க?
சமைக்கிற ஆவி எங்கதான் போவும்?"
பதில் சொல்லாமல் போனைச் சுவரோரம் நகர்த்தினேன்,
வயிற்றுக்கு ஸ்கேன் எடுப்பதுபோல் மெதுவாக.
பீரோ மூலை வந்ததும் குரல் நின்றது.
நெட் போய்விட்டதென்று நினைத்தேன்.
பிறகு அவர் பக்கம் படம் ஆடியது:
செருப்புச் சத்தம், ஒரு கதவு, விளக்கு,
ஹீட்டருக்கு மேலே ஒரு மூலை.
அதே கறுப்பு. அதே புள்ளி.

"நாலாவது மாடி. நானும் இங்க வாடகைக்குத்தான்,
முப்பத்தோரு வருஷமா.
சொன்னா, சன்னலத் தொற மதாம்ங்கறான்."

கொஞ்ச நேரம் இரண்டு சுவர்களும்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

வாடகையில் ஒரு ரூபாய் குறையவில்லை.
பெயிண்டைப் பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்றார்.
ஐந்தாம் தேதி முழுசாக அனுப்பினேன்.
தேசிங்கு சொன்ன பக்குவத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தேன்:
கொட்டாங்குச்சியில் நீறாத சுண்ணாம்புக் கல், பீரோவுக்குள்.
அங்கே அது கிடைக்காதாம்.
சூப் தட்டில் கல்லுப்பைக் கொட்டி வைத்திருக்கிறார்.

இப்போதெல்லாம் நான் ஆபீஸ் கிளம்புகிற நேரத்துக்கு,
தூக்கம் கலையாத குரலில் ஒரு பதிவு வருகிறது:
"எனக்கு அரை டம்ளர் தண்ணி எறங்கியிருக்கு. ஒனக்கு?"

பீரோவைத் திறந்து கொட்டாங்குச்சியை எடுக்கிறேன்.
விரல் பட்டதும்
பொக்கென்று உடைகிறது.
பாதிக்கு மேல் மாவு.