முந்நூறு நியூட்டன்

இரண்டு வருடமாய் என் உச்சந்தலைதான் முட்டு.
பலகையைத் தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு
கழுத்தை இடப்பக்கம் சாய்த்து
கட்டிலுக்கடியில் துழாவுவேன்:
பாட்டில், லேபிள், டார்ச்,
சில நாள் என் செருப்பு.

ராசாப்பேட்டைக் கிணற்றின் உப்பை
சோனாங்குப்பத்தின் பெயரில் ஏற்றிவிட்ட அன்று
காரணம் கேட்டார்கள்.
தலையில் கட்டில் இருந்தது என்று
எப்படி எழுதுவது?
கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தேன்.

செம்மண்டலத்தில் கலிவரதனின் தகரக் கொட்டகை.
வேனைப் பின்பக்கமாய் உள்ளே விட்ட கையோடு
ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்கிவிட்டான் பாக்கியநாதன்.
நேற்றிரவு கிள்ளையில் மழை.
கூரை ஜன்னலை மூட மறந்தது யார் என்று
காலையிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பழைய பேப்பர் கடையில் தராசு இரவல்.
பலகை பதினாலு கிலோ.
மெத்தை, நனையாமல், ஒன்பதரை என்று
வாங்கிய பில்லில் இருந்தது.
என் தலையணையையும் தட்டில் வைத்தார்.
அதுவுமா என்றேன்.
"தூக்கறதுக்குத் தெரியுமா மேடம்
எது பாரம் எது தலகாணின்னு?"

தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டேன்.
கீலிலிருந்து நடுப்புள்ளி,
நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு,
பக்கத்துக்கு முந்நூறு நியூட்டன்.
சரியான விடைதான்.
சக்கரத்தின் மேடு மட்டும் அதில் இல்லை.
முதலில் போட்ட நாலு ஓட்டைகளும்
இன்னமும் ப்ளைவுட்டில் இருக்கின்றன.
எறும்புக்கு ஆகட்டும் என்றார் கலிவரதன்.

டிக்கி நசுங்கிய யாரோ ஒருவரின் காரிலிருந்து
கழற்றி வைத்த ஜோடி.
கறுப்பு உருளை, அதற்குள் போய் வரும்
பளபளத்த தண்டு.
மூடியிருக்கையில் தண்டு கீழ்ப்பக்கம் இருக்க வேண்டுமாம்;
தலைகீழாய் மாட்டினால் உள்ளே எண்ணெய் எட்டாது,
சீல் காய்ந்து மூச்சு போய்விடும்.
பந்துமுனையில் அழுத்தினார்.
டக்.
இன்னொரு பக்கம் வர மறுத்தது,
சுத்தியின் மரப்பிடியால் ஒரு செல்லத் தட்டு.
டக்.

ஒரு விரலால் தொட்டேன்.
போயிற்று மேலே!
அவ்வளவு சுலபமாய் என்னிடமிருந்து
எதுவும் போனதில்லை.

இறக்கினேன். ஏறியது.
இரு கையாலும் அழுத்தினேன்,
கையை எடுத்ததும் ஏறியது,
விடை தெரிந்த பையன் தூக்கிய கையைப் போல.
ஏறி உட்கார்ந்தேன். படிந்தது.
எழுந்தேன். கூடவே எழுந்தது.
முன்சீட்டில் விழித்துக்கொண்ட பாக்கியநாதன்
கண்ணாடி வழியே பார்த்துச் சிரித்தான்,
காலையிலிருந்து முதல் தடவை.

"பாரம் இல்லேன்னா படுக்காது," என்றார் கலிவரதன்.
"மெத்தையோட சேத்து வாங்கின பலம் இது."
மெத்தையோ காம்பவுண்டுச் சுவரில் குப்புறக் கிடந்து
சொட்டிக்கொண்டிருந்தது.
மணி நாலேகால்.
ஐந்தரைக்குத் தேவனாம்பட்டினத்தில்
கடல் ஏறுவதற்குள் நீர் எடுக்க வேண்டும்.

அப்புறம்தான் கேன்கள் நினைவுக்கு வந்தன.
ஐந்து லிட்டர், இரண்டு.
புதுக்குப்பத்து அடிபம்பு ஒன்று,
பள்ளிக்கூடத்துக் கிணறு ஒன்று.
விளிம்பில் வைத்தேன்.
பெருமூச்சுப் போல ஒரு சத்தம்.
பலகை மெல்லப் படுத்தது.

ஈர மெத்தையை மேலே கட்டிக்கொண்டு கிளம்பினோம்.
ஜன்னலை மூடாதது தான்தான் என்று
பாலத்தில் வைத்துச் சொன்னான் பாக்கியநாதன்.
நானும்தான் என்றேன்.

கடற்கரையில் வெளிச்சம் பாக்கியிருந்தது.
கேன்களை இறக்கினேன்.
கேட்காமலே எழுந்தது பலகை,
எழுந்து தன்பாட்டில் நின்றது.
ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் பேனா.
ஊர்ப்பெயரை நிதானமாய் எழுதினேன்.

"யாரைப் பாத்துத் தலய சாய்க்கறீங்க?" என்றான்
வெளியே நின்றவன்.
தடவிப் பார்த்தேன்.
கழுத்து
இடப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது.