சோப்புப் பெட்டி

மைனஸ் முப்பத்தொன்று. சாஸ்கட்டூன்.
ஜன்னல் உயரத்துக்குப் பனி.
இத்தனை தண்ணீருக்கு நடுவே
வீட்டுக் காற்றில் மட்டும்
பொட்டு ஈரமில்லை.
ஹீட்டர் குடித்துவிடுகிறது.

வடக்கே சுரங்கத்தில் பதினான்கு நாள் ஷிப்டிலிருந்து
டார்க்கா போனில் கேட்டாள்:
"கிட்டாருக்குத் தண்ணீர் காட்டினாயா?"
கட்டிப்போட்ட மாட்டை விசாரிப்பதுபோல.

காட்டினேன் என்றேன்.
தண்ணி காட்டியது அவளுக்கு.
ஒன்பது நாளாக மறந்திருந்தேன்.

உறையைத் திறந்தேன்.
தலைமாட்டில், துடைக்கும் துணிக்கும்
அறுந்த கம்பிச் சுருளுக்கும் அடியில்
பச்சை சோப்புப் பெட்டி.
சூடான ஆணியால் அவளே போட்ட பதினாறு ஓட்டை.
உள்ளே பாத்திரம் தேய்க்கும் பஞ்சு,
வறட்டு ரொட்டியாய்.

கழுத்தோரம் விரலை ஓட்டினேன்.
மரம் சுருங்கி
ஃப்ரெட் முனைகள் வெளியே துருத்தி
ரம்பமாய்க் கீறின.
அவளுடைய ஆயிரம் டாலர் பெடல்கள்
அலமாரியில் சும்மா இருந்தன.

பஞ்சை நனைத்துப் பிழிந்தேன்.
சொட்டக்கூடாது என்பாள்.
இன்னொரு முறை பிழிந்தேன்.
மூடினேன்.
குடிக்கிற சத்தம் கேட்குமா என்று
படுத்தபடி கொஞ்ச நேரம்...
என்ன முட்டாள்தனம்.

ஐந்தாம் நாள்
ரம்பம் மழுங்கியிருந்தது. முழுதாக இல்லை.
என் கீழுதடு வெடித்திருந்தது.

வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
கட்டைவிரலைக் கழுத்தோரம் இறக்கிக்கொண்டே வந்து
பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் நிறுத்தினாள்.

"எத்தனை நாள், வெண்டெல்?"
என்றாள்,
என் உதட்டைப் பார்த்து.