பதினாலாவது இணைப்பு

இரும்புக் குழாயைக் கழற்றிப் போட்ட அன்று
அதற்குள் கையை விட்டேன்.
அப்பளம் மாதிரி வந்தது, அடுக்கடுக்காய்.
மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.
கடல் அவசரப்படவில்லை,
ஒரு நாளும் லீவு போடவுமில்லை.

இப்போது கண்ணாடி இழைக் குழாய்.
வெளிறிய பச்சை. தட்டினால் வாளிச் சத்தம்.
சொரிமுத்து சிரித்தான்:
"இதையா கடல்ல விடப் போறிய?
எங்க மச்சான் வீட்டுத் தண்ணித் தொட்டி
இதவிடக் கனம் வே."

பிசின் கலந்தால் இருபது நிமிஷம்.
ராதாபுரத்துச் சித்திரை வெயிலில் பன்னிரண்டு.
அதற்குள் இழைப் பாயை நனைத்து, சுற்றி,
உருளையால் நீவி நீவிக்
காற்றுக் குமிழை ஓரத்துக்குத் துரத்த வேண்டும்.
ஒருமுறை நான் பேச்சுக் கொடுத்துவிட்டேன்.
வாளியோடு இறுகிப் போனது.
இன்றும் அந்தக் கட்டிதான்
ஸ்டோர் கதவுக்கு முட்டு.

அறுக்கும்போது பறக்கிற தூள்தான் கொடுமை.
கண்ணுக்குத் தெரியாத முள்.
முழங்கை மடிப்பில், கழுத்துப் பட்டியில்,
சோற்றில்கூட.
காரையாற்று அய்யனார் பேர் வைத்தவனை
கேம்பே ஒரு எழுத்தை மாற்றிக் கூப்பிட்டது,
சொறிமுத்து என்று.
சொறிந்துகொண்டே "என்னல?" என்பான்.

ஆடிக்காற்று வேகமெடுத்த வாரம்
ஜெனோவா மேடம் வந்தார்,
கையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம்.
இணைப்பு இணைப்பாய்த் தட்டிக் காதை வைத்தார்.
டிங். டிங். டிங்.
பதினாலில் டொக்.
அரை அடி தள்ளி மறுபடி டொக்.
சாக்பீஸால் ஒரு வட்டம்.
"அறுத்துருங்க."

அறுத்தோம்.
மூன்றாம் அடுக்குக்கும் நாலாம் அடுக்குக்கும் நடுவே
ஒரு சிட்டிகை தேரி மணல்,
மிளகாய்ப்பொடி நிறத்தில்.
பிசின் ஈரமாயிருந்த நேரம் பார்த்து
காற்று கொண்டுவந்து வைத்தது.
உப்பைத் தாங்க வாங்கிய குழாய்
ஊர் மண்ணுக்கு வாய் பிளந்துவிட்டது.

யாரும் யாரையும் திட்டவில்லை.
தார்ப்பாயை நாலு பேர் இழுத்துப் பிடிக்க
உள்ளே குனிந்து மறுபடி ஒட்டினான்.
அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.

அழுத்தம் ஏற்றிய ராத்திரி
டார்ச் அடித்து அளவுமானியைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.
முள் அசையவில்லை.
விடியும்வரை அசையவில்லை.
டீ வந்தது.
சொரிமுத்து போனில் வீட்டோடு பேசினான்:
"வருவேன், ஆனா பிள்ளையத் தூக்க மாட்டேன்.
நாலு நாள் போகட்டும்.
எண்ணெ தேச்சி ரெண்டு குளி குளிச்ச பெறவு பாப்போம்."

கிளம்பி வந்தால்
கேட்டுத் தாழ்ப்பாள் துருவில் பிடித்துக் கிடக்கிறது.
குழாய் வாங்கிய அதே கம்பெனி வாங்கியதுதான்.
அவன் ஒரு உதை விட்டான்.
பிறகு இரண்டு பேரும் ஏறிக் குதித்தோம்.