இருபத்திரண்டு

முன்னால் பல் அகன்றது, பின்னால் லேசாக ஓடுவது என்று
டயரைத் தேர்ந்து மாட்டிக் கொடுத்தான் லிஜோ.
காற்று எவ்வளவு என்றேன்.
எடையைச் சொல் என்றான்.
நான் சொல்லவில்லை.

போடியில் முப்பத்தைந்து அடித்துக்கொண்டு ஏறினேன்.
வெயில் காய்ந்த தாரில் கல்லுமாதிரி உருண்டது.
மெட்டில் மூடுபனி. செக்போஸ்ட்காரர்
பையைத் தட்டி, "எந்தா உள்ளில்?"
பம்பு, பஞ்சர் பசை, ஒரு சட்டை.
டயருக்குள் என்ன என்று கேட்கவில்லை.

பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்ட வழி,
மழை விட்டு அரைமணி.
முதல் வேரிலேயே முன்சக்கரம் நழுவ
முழங்கையில் செம்மண், கொஞ்சம் ரத்தம்.

வால்வை நகத்தால் அழுத்துகிறேன்.
போடிக் காற்று சூடு ஆறாமல்
ஏலச்செடிகளுக்குள் சீறிப் போகிறது.
இருபத்தெட்டு: இன்னும் வழுக்கல்.
இருபத்தைந்தில் வேர்கள் ஒவ்வொன்றாய்
கைப்பிடிக்கு வந்து சேர்கின்றன.
பேராசைப்பட்டுப் பதினெட்டு;
ரிம் கல்லில் ணங்கென்றது.
உட்கார்ந்து பம்பு அடித்தேன்,
இம்முறை ஈரக்காற்று.

இருபத்திரண்டு.
டயர் தொப்பை தளர்த்திச் சேற்றில் அமர்ந்தது.
அதே வளைவு. பிரேக்கைத் தொடவில்லை.

சிக்னல் கிடைத்த இடத்தில் லிஜோவுக்கு
அந்த எண்ணை மட்டும் அனுப்பினேன்.
உடனே பதில்:
அப்போ அறுபத்தெட்டு கிலோ.

ஒரு கிலோ கூடச் சொல்லிவிட்டான்.