கொண்டை ஊசி

மாதத்தில் இரண்டாம் செவ்வாய்,
குன்னூரில் ஆறே காலுக்குப் புறப்படும் பேருந்து.
பதினாலு கொண்டை ஊசி வளைவு இறங்கினால்
மேட்டுப்பாளையம். பிறகு கோயமுத்தூர்.
மூன்றாம் மாடியில் எனக்கொரு டோக்கன்.

மரப்பாலத்தில் மஃப்ளர்கள் அவிழும்.
பர்லியாறில் குல்லாய்.
கல்லாறு வந்து பாக்குத்தோப்பு வெக்கை
ஜன்னலில் ஏறி உட்கார்ந்ததும்
வண்டியே ஸ்வெட்டரைக் கழற்றும்,
தலை வழியாக, கை வழியாக,
முழங்கை பக்கத்துக்காரர் மூக்கில் இடிக்க.
நான் மட்டும்
கழுத்துவரை பட்டன் போட்டபடி.

மலையில் இது ஒரு வசதி.
சமவெளியில் என்னைப்போல் ஒருத்தி
மூன்றாம் மாதமே தெருவுக்குப் பதில் சொல்லவேண்டும்.
எங்களூரில் எல்லோரும் போர்த்தியவர்கள்.
கம்பளிக்குள் என்ன நடக்கிறதென்று
குளிர் கேட்பதில்லை.

நடப்பது இதுதான்:
காம்புக்கடியில் பட்டாணி அளவில் ஒரு கல்.
பிறகு சுண்டைக்காய்.
அதற்குப் பிறகு உவமை தேடுவதை விட்டுவிட்டேன்.
தேயிலை மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கினால்
கண்ணில் தண்ணீர் முட்டும்.
வலியா, சந்தோஷமா,
ஃபேக்டரியில் எட்டு அளவில் சல்லடை இருக்கிறது,
இதைப் பிரிக்க ஒன்றும் இல்லை.

சில சாயங்காலம் காரணமே இல்லாமல் அழுகை.
மேஸ்திரி சுந்தரலிங்கம் கேட்டார்,
"யாருடா செத்தா?"
தூசி, என்றேன்.
டஸ்ட் சலிக்கும் அறையில்
அது நல்ல பதில்.

எல்லோரும் கேட்பது அந்த ஒரு கத்தியைப் பற்றி.
எப்போ, எவ்வளவு, எங்கே.
என் வியர்வையின் வாசனை மாறியதை
தலையணைதான் முதலில் கண்டுபிடித்தது.
அதை யாரும் கேட்கவில்லை.

லேசர் என்பது
காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்து
மோவாயில் தெறிப்பது.
"இன்னும் ஆறு தடவை" என்பாள் நர்ஸ்,
இன்னும் ரெண்டு கிலோ பறி என்று
கங்காணி சொல்கிற அதே குரலில்.

போன மாதம் பக்கத்து இருக்கையில் ஒரு பெண்.
மடியில் கேரட் கட்டு, வாயில் எலுமிச்சைத் தோல்.
ஒன்பதாம் வளைவில் குமட்டியது அவளுக்கு.
என்னைத் தாண்டிக் கை நீட்டி
ஜன்னலைத் தள்ளினாள்.
காற்று புகுந்து கொண்டையைக் கலைத்தது.
ஒரு கையால் முடியை அள்ளிப் பிடித்து
மறு கையை என் பக்கம் விரித்தாள்,
முகம் பார்க்காமல்:
"ஒரு கொண்டை ஊசி இருக்குமா?"

யோசிக்கவே இல்லை அவள்.
முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஆண்களிடம்
கேட்டிருப்பாளா?

இல்லை, என்றேன்.

மாத்திரை குரலைத் தொடாது.
அவள் திரும்பினாள்.
மோவாய். தொண்டை. பட்டன்.
மிச்சமிருந்த வளைவுகள் எல்லாவற்றையும்
என் வயிறு
ஒரே நொடியில் இறங்கியது.

"சரி, அந்த ரப்பர் பேண்டையாவது குடு."

ஆஸ்பத்திரி ஃபைலைக் கட்டியிருந்தது அது.
கழற்றிக் கொடுத்தேன்.
அடுத்த வளைவில் காகிதம் பூராவும் தரையில்.
ரத்தப் பரிசோதனை, ரசீது, சிபாரிசுக் கடிதம்.
என் பழைய பெயர்
டிரைவர் சீட் வரை வழுக்கிக்கொண்டு போயிற்று.
குமுதவல்லி என்று பென்சிலில் எழுதியது மட்டும்
செருப்புக்கடியில் கிடந்தது.
அவள்தான் குனிந்து எடுத்தாள்,
குமட்டலோடு.
மண்ணைத் தட்டினாள்.
படித்தாளா, தெரியாது.
கேரட் ஒன்றை உருவி என் கையில் வைத்துவிட்டுக்
கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்தச் செவ்வாய் ஃபைலில்
அட்டையோடு ஆறு ஊசி வைத்திருக்கிறேன்.
பக்கத்தில் ஒரு கிழவர், மொட்டைத் தலை.

கல்லாறில் முதல் பட்டனை எடுத்தேன்.
இரண்டாவது நூலில் தொங்கியது,
தானாகவே வந்துவிட்டது.
யாரும் பார்க்கவில்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

திரும்பி ஏறும்போது இருட்டு.
பர்லியாறில் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள்.
கம்பளியை மடியில் வைத்து
மரப்பாலம் வரை பொறுத்தேன்.
அதற்கும் மேலே கொஞ்ச தூரம்.
பல் கிட்டியது.
பனி கையிலிருந்து தோளுக்கு ஏறி
புதிதாக வந்த இடத்தையும்
பழைய இடம்போலவே
நடுக்கியது.