பதினேழாவது

மழையில் ஃபைபர் அறுந்துபோய்
முத்தியால்பேட்டை முழுக்க இணையமில்லை.
டாங்கிளில் முக்கால் ஜிபி மிச்சம்.
ரேஷன் கடை வாசல்போல
செயலியில் வரிசை கட்டி நிற்கின்றன எல்லாம்:

ஆளில்லாத தெருவை
எங்கோ அனுப்பிக்கொண்டே இருக்கும் வாசல் கேமரா,
இன்றைக்கே தன்னைப் புதுப்பிக்கச் சொல்லும் வாஷிங் மெஷின்,
தேர்வின் கடைசிக் கேள்வியில் ரெனே,
துலூஸிலிருந்து வாய் திறந்தபடி உறைந்த ஆல்பர்ட்:
"சாப்பி..."

கேமராவின் கண்ணை மூடினேன்.
மாமனார் அறையில் டிவி முனகி நின்றது;
அவரும் முனகினார்.

ரெனேவுக்கு முதலிடம்.
ஆல்பர்ட் இன்னும் "சாப்பி"யிலேயே.

பதினேழாவதாக ஒன்று.
பெயர் தெரியாத சாதனம்.
நாள் முழுக்க இணைப்பில், பயன்பாடு மிகக் குறைவு.
நிறுத்தவா?

எண்ணைச் சரிபார்த்தேன்.
நான் தொட்டுக்கொண்டிருக்கும் இதே போன்.

"பிறகு" என்பதைத் தொட்டேன்.
யாரோ கேட்டைத் தட்டினார்கள்,
கேமராவுக்குத் தெரியாமல்.