நான்கு துளைகள்

நாளை நோன்பு தொடங்குகிறது.
வீட்டில் மிச்சமிருந்த வெண்ணெயையெல்லாம் உருக்கித் தின்றுவிட்டு
அந்த வாடையோடே வந்து நிற்கிறோம்
அலாஸ்காவின் இந்தத் தீவுக் கோயிலில்
முப்பத்தொரு பேர்.
வெளியே மழையா பனியா என்று
தீர்மானிக்காத ஏதோ ஒன்று பெய்கிறது.

வழக்கம் இதுதான்:
ஒருவர் முன் ஒருவர் தரைவரை குனிய வேண்டும்.
"பாவி என்னை மன்னியுங்கள்."
"கடவுள் மன்னிக்கிறார், நானும் மன்னிக்கிறேன்."
தோளில் மூன்று முத்தம். அடுத்தவர்.
வரிசை தன்னைத்தானே மடித்துக்கொண்டு நகரும்,
ஒருவரையும் விடாது.

யாரும் காரணம் சொல்வதில்லை.
தந்தை ஐயோனா குனிந்தபோது அவர் முழங்கால் சொடுக்கியது.
கடைக்கார அகஃபியா குனிந்தாள்,
அவள் தராசு பற்றி எனக்குத் தெரியும் என்று
அவளுக்கும் தெரியும்.

அடுத்து பரஸ்கேவா.

ஐந்து வருடம் இவள் முன் குனிந்திருக்கிறேன்.
ஐந்து முறையும் மன்னித்தாள்.
எதற்கென்று அறியாதவள் தரும் மன்னிப்பை
வாங்கிக்கொண்டு போவது
தூங்குகிறவள் பையில் கைவிடுவது மாதிரி.

அவள் மகன் நிகோனின் படகிலிருந்து
நீரிறைக்கும் பம்பைக் கழற்றியவன் நான்.
இரவல்தான். என்னுடையது பழுது,
மீன்பருவம் முடிய இரண்டே நாள்.
ஞாயிறன்று மாட்டிவிடலாம் என்றிருந்தேன்.
அவன் சனிக்கிழமையே போனான்.

காற்று, என்றது ஊர்.
காற்று, என்றது காவல்படையின் காகிதம்.
காற்றுதான், என்றேன் நானும்,
சவப்பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமலில்லை.
குடி, கோபம், மைத்துனனோடு சண்டை
எல்லாம் சொன்னேன்.
சின்ன மீன்களை மேலே பரப்பி
பெரியதை அடியில் ஒளிக்கத் தெரிந்தவன்.

இந்த வருடம் ஏன் என்று தெரியாது.
துணிச்சல் வந்துவிடவில்லை.
தரையைத் தொட்ட நெற்றி
எழ மறுத்தது, அவ்வளவுதான்.
"பம்பு," என்றேன் பலகையிடம்.
"நிகோனின் பம்பு. என்னிடம் இருக்கிறது."

"தெரியும்."

கேட்டது சரிதானா என்று நிமிர்ந்தேன்.
"படகைக் கரைக்கு இழுத்த அன்றே பார்த்தேன்.
நான்கு துளைகள்.
காற்று திருகாணி கழற்றாது, லாவ்ரென்டி."

அப்படியானால் அந்த ஐந்து முறை?

"முதல் மூன்றும் பொய்.
கடவுள் மன்னிக்கிறார் என்பது அவர் பாடு;
நானும் என்ற இடத்தில் பல்லைக் கடித்தேன்.
பிறகு எப்போதோ
சொல் முன்னால் போயிற்று.
நான் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தேன்."

அதோடு விடவில்லை.
கையைத் தரையில் ஊன்றி
அவள் குனிந்தாள்.
"பாவி என்னை மன்னி.
தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
நீ இளைத்துக்கொண்டே போனதைச் சன்னலில் நின்று பார்த்தேன்.
பிடித்திருந்தது எனக்கு."

என் முறை.
பால்பல் பருவத்திலிருந்து தெரிந்த வாக்கியம்
நாக்கில் ஏறவில்லை.
தலைவரை கடனில் இருக்கிறவன்
எவருடைய பற்றுச்சீட்டைக் கிழிப்பது?
சுவரில், மெழுகுப் புகை படிந்து,
விரித்த உள்ளங்கைகளோடு அவர்.
ஆசீர்வதிக்கிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
காட்டுகிறார்.

"கடவுள் மன்னிக்கிறார்," என்றேன்.
அவள் எழாமல் காத்திருந்தாள்.
வரிசை நின்றுவிட்டது.
பின்னாலிருந்து ஏழு வயது மக்கார் சட்டையை இழுத்தான்:
"சீக்கிரம் மாமா, என் முறை வரவேண்டும்."

"நானும்."

மறுநாள் பம்பைத் துடைத்து எடுத்துப் போனேன்.
"ஓடுகிறதா?" என்றாள்.
ஓடுகிறது.
"மக்காரின் அப்பன் படகில் மாட்டிவிடு.
அவனிடம் இருப்பது வெறும் வாளி."
உள்ளே போய்
ஜாம் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து
என் கையில் கவிழ்த்தாள்.
படகுத்துறைப் பலகை இடுக்கில் பொறுக்கியவை.
நான்கு திருகாணிகள்.
ஒன்றின் தலையில், அன்று அவசரத்தில்
என் கை சறுக்கிய கீறல்.
எண்ணெய் போட்டு வைத்திருந்தாள்.
துருவில்லை.